ஆயிரம் சுற்றுக்குப் பன்னிரண்டு வோல்ட்

கனகசபை நிறைமதியிடம் தொழில் கற்க வந்தபோது அவருக்கு ஐம்பத்தாறு வயது. நிறைமதிக்கு முப்பத்து நான்கு.

அன்னூரில் முப்பது வருடம் மோட்டாருக்குக் காயில் கட்டியவர் கனகசபை. கிணற்று மோட்டார், விசைத்தறி மோட்டார், மாவு மில் மோட்டார். கருகிய மோட்டாரைத் திறக்காமலேயே முகர்ந்து பார்த்து, உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அதில் அவர் தவறியதில்லை.

பிறகு மின்சார ஆட்டோக்களின் மோட்டார்கள் வரத் தொடங்கின. அவற்றின் உள்ளே சுற்றும் ரோட்டாரில் காந்தத் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவர் அறிந்த மோட்டார்களில் கரண்ட் போனால்தான் காந்தம் உண்டாகும், கரண்ட் நின்றால் போய்விடும். இந்தக் காந்தம் எப்போதும் இருந்தது. அதை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மேட்டுப்பாளையத்தில் நிறைமதி அப்படிப்பட்ட மோட்டார்களுக்கென்றே ஒரு பட்டறை வைத்திருந்தார். ஒரு நாள் காலை கனகசபை அங்கே போய் நின்றார்.

"எனக்குச் சொல்லித் தரோணுங்க."

"உங்களுக்கு நான் என்னங்ணா சொல்லித் தரது?"

"காந்தம்," என்றார் கனகசபை.

நிறைமதி அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அன்று முதல் கனகசபை அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார். நிறைமதி வேண்டாமென்று இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

முதல் நாளே ஒரு வேலையைச் சொல்லிக் கொடுத்தார். ஷார்ட் ஆகி வந்த மோட்டார் எதுவானாலும், பழுது நீக்கிய பிறகு அதை லேத்தில் மாட்டி, மூன்று ஒயர்களையும் எதிலும் இணைக்காமல் விட்டு, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓட்ட வேண்டும். இப்போது மோட்டாருக்கு யாரும் கரண்ட் கொடுப்பதில்லை. அதன் காந்தமே சுற்றிச் சுற்றி ஒயர்களில் வோல்டேஜை உண்டாக்கும். அதை மீட்டரில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். இந்த வகை ஆட்டோ மோட்டாருக்குப் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டும்.

கனகசபை அளந்தார். பன்னிரண்டு வந்தது. அடுத்த மோட்டார், பன்னிரண்டு. இரண்டு மாதத்தில் இருபத்தேழு மோட்டார்கள் வந்தன. இருபத்தேழும் பன்னிரண்டுதான்.

ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"எல்லாத்துக்கும் பன்னெண்டுதானுங்களே வருது டீச்சர்? கழட்டி லேத்துல மாட்டறதுக்கே அரை மணி நேரம் போயிருது. இன்னும் எத்தனை நாளைக்குப் பாக்கறது?"

"வர்ற வரைக்கும் பாருங்கண்ணா."

"எது வர்ற வரைக்கும்?"

நிறைமதி மீட்டரை அணைத்து வைத்தார். டீ குடிக்கப் போய்விட்டார்.

ஆடி மாதம். மலையில் விடாத மழை. கோத்தகிரியிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் ஒரு சாக்குப்பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பைக்குள் ஒரு மோட்டாரும் அதற்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் இருந்தன. அவர் ஆட்டோ ஓட்டுபவர். தேயிலைத் தோட்டத்துப் பெண்களை பஸ் நிறுத்தத்திலிருந்து மேலே லைன் வீடுகளுக்கு ஏற்றிப் போவது அவருடைய வேலை.

"என்னம்மா ஆச்சு?"

"நாலு பேரை ஏத்திக்கிட்டு மேல போய் எறக்கி விட்டேன் அண்ணே. திரும்பிக் கீழ வரும்போது டப்புனு ஒரு சத்தம். யாரோ பின்னால புடிச்சு இழுத்த மாதிரி வண்டி நின்னு நின்னு போச்சு. அந்தப் பெட்டியில பொகை."

கனகசபை பெட்டியைத் திறந்தார். உள்ளே கருகிக் கிடந்தது. கன்ட்ரோலர் ஷார்ட் ஆகி, மோட்டாரின் மூன்று ஒயர்களும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டிருந்தன. இறக்கத்தில் சக்கரம் மோட்டாரைச் சுற்றியிருக்கிறது. மோட்டார் உண்டாக்கிய கரண்ட் வெளியே போக வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றியிருக்கிறது. அதனால்தான் அந்த இழுப்பு.

அன்று நிறைமதி பட்டறையில் இல்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று கோயம்புத்தூர் போயிருந்தார். ஜெசிந்தா மோட்டாரோடு வருவார் என்று கனகசபையிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார்.

கனகசபை மோட்டாரை முகர்ந்தார். வாசனை இல்லை. திறந்து பார்த்தார். காயிலில் ஒரு பொட்டுக் கருகல்கூட இல்லை. மெக்கர் மீட்டர் வைத்துப் பார்த்தார், கரண்ட் கசிவு இல்லை. மூன்று காயிலும் ஒரே அளவு காட்டின. காந்தத் துண்டுகள் பளபளவென்று இருந்தன. ஸ்பேனரைக் கிட்டே கொண்டுபோனால் வெடுக்கென்று இழுத்தன. மோட்டாரை மூடி, புது கன்ட்ரோலரை இணைத்து, மேசையிலேயே வைத்து ஓட்டினார். தகட்டில் மூவாயிரம் சுற்று என்று போட்டிருந்தது. மோட்டார் மூவாயிரத்து ஐந்நூறைத் தொட்டது.

"பாத்தியாம்மா! வாங்கினப்போ இருந்ததைவிட வேகமா சுத்துது."

ஜெசிந்தா சிரித்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால்.

"நாலு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது கூட்டமா வரும் அண்ணே. இந்த மூட்டையோட ஏற விடமாட்டாங்க."

பட்டறையின் பின்பக்கத்தில்தான் லேத் இருந்தது. மோட்டாரை மேசையிலிருந்து கழற்ற வேண்டும், கொண்டுபோய் மாட்ட வேண்டும். கனகசபை அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

அப்போது நிறைமதியிடமிருந்து போன் வந்தது.

"ஜெசிந்தா மோட்டார் என்னாச்சுங்ணா?"

"ஆச்சுங்க டீச்சர். கன்ட்ரோலர்தான் போயிருக்குது. மோட்டாருக்கு ஒண்ணும் ஆகலைங்க."

"லேத்துல வோல்டேஜ் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேனுங்க."

அந்தப் பக்கம் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது.

"சரிங்ணா. குடுத்து அனுப்பிடுங்க."

ஜெசிந்தா நாலு மணி பஸ்ஸில் ஏறினார். மூட்டையை ஏற்றி விட்டவர் கனகசபைதான்.

மறுநாள் ஜெசிந்தா போன் செய்தார். "சமதரையில பறக்குது அண்ணே," என்றார். மேடு ஏறினால் மோட்டார் தொட முடியாத அளவுக்குச் சுடுகிறது என்றும் சொன்னார். மலையில் சுடத்தானே செய்யும் என்றார் கனகசபை.

மூன்றாம் நாள் மாலை, லைன் வீடுகளுக்குப் போகும் ஏற்றத்தின் பாதியில் ஆட்டோ நின்றது. பின்னால் நான்கு பெண்கள் இருந்தார்கள். ஜெசிந்தா பிரேக்கை மிதித்தார். ஈரச் சாலையில் சக்கரங்கள் வழுக்கின. வண்டி பின்னால் போகத் தொடங்கியது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மண்மேடு. ஜெசிந்தா வண்டியை மண்மேட்டின் மேல் விட்டார். அது சாய்ந்து விழுந்தது. பெண்களில் ஒருத்திக்கு நெற்றியில் ஏழு தையல். மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. ஜெசிந்தாவின் வலது கை வண்டிக்கு அடியில் மாட்டி இரண்டு இடத்தில் முறிந்தது.

செய்தி வந்தபோது நிறைமதி பட்டறையில்தான் இருந்தார். கனகசபை பக்கத்தில் நின்றார்.

"அளக்கலைங்க டீச்சர்," என்றார். "அளந்தேன்னு உங்ககிட்டச் சொன்னேன். அளக்கலை."

"தெரியுமுங்ணா."

"எப்பத் தெரியும்?"

"போன்லயே. பாத்திருந்தா பன்னெண்டுன்னு சொல்லியிருப்பீங்க. வெறும் பாத்துட்டேன்னு சொன்னீங்க."

கனகசபை கேட்டார்: "அப்புறம் எதுக்குங்க குடுத்து அனுப்பச் சொன்னீங்க?"

"எவ்வளவு வந்துச்சுன்னு கேட்டிருக்கோணும். வயசுல பெரியவரை இப்படிக் கேட்டா சங்கடப்படுவாரேன்னு விட்டுட்டேன்." நிறைமதி பட்டறையின் ஷட்டரை இழுத்தார். "வாங்க. பஸ் இருக்குது."

ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா கையில் மாவுக்கட்டுடன் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கனகசபை கட்டில் பக்கத்தில் நின்று நடந்ததைச் சொன்னார். அரை மணி நேர வேலையைத் தான் செய்யாமல் விட்டதைச் சொன்னார். செய்ததாகப் பொய் சொன்னதையும் சொன்னார். எதையும் விடவில்லை.

நிறைமதி இடையில் ஒரு வார்த்தை மட்டும் சேர்த்தார். "நானும் கேக்காம விட்டேன்."

ஜெசிந்தா மாவுக்கட்டின் மேல் போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"முத நாள் அந்தப் பொம்பளைங்க ஏறப் பயந்தாங்க அண்ணே. நான்தான் சொன்னேன், பயப்படாம ஏறுங்க, மோட்டார் எல்லாம் பாத்தாச்சுன்னு."

சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கனகசபை இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். நிறைமதி அவர் முழங்கையைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தார்.

மோட்டார் மறுபடி பட்டறைக்கு வந்தது. கனகசபை அதை லேத்தில் மாட்டினார். ஆயிரம் சுற்று. மீட்டர் ஒன்பதரையில் நின்றது.

அவர் லேத்தை நிறுத்தி, மறுபடி ஓட்டினார். ஒன்பதரை.

"இந்த மோட்டார் முன்னைவிட வேகமா சுத்துச்சுங்களே டீச்சர். காந்தம் வீக்கா இருந்தா மெதுவாத்தானே சுத்தோணும்?"

"காந்தம் நல்லா இருந்தா சுத்தும்போதே எதிர் வோல்டேஜ் உண்டாக்கி, இதுக்கு மேல வேண்டாம்னு நிறுத்தும். வீக் ஆனா நிறுத்தறதுக்கு ஆளில்லை. சும்மா சுத்தும்போது வேகமாத்தான் ஓடும்."

"மேட்டுல?"

"அதே பாரத்தை இழுக்க அதிகமா கரண்ட் வேணும். கரண்ட் அதிகமானா சூடு. சூட்டுல காந்தம் இன்னும் வீக்."

கனகசபை நோட்டில் ஒன்பதரை என்று எழுதினார். பேனாவை மூடவில்லை.

"என் முப்பது வருசத்துல எத்தனையோ ஷார்ட் பாத்திருக்கேனுங்க. இங்கயே இருபத்தேழு பாத்தேன். அதெல்லாம் தாங்குச்சு. இது மட்டும் ஏன் தாங்கலை?"

நிறைமதி எழுந்து போய் அலமாரியிலிருந்து மூன்று காந்தத் துண்டுகளை எடுத்து வந்தார். மூன்றும் ஒரே அளவு. ஒரு தட்டில் நட்டுகளைக் கொட்டினார். ஒவ்வொரு காந்தத்தையும் தட்டில் இறக்கித் தூக்கினார். மூன்றும் எட்டெட்டு நட்டுகளைத் தூக்கின.

முதல் துண்டை அடுப்பில் எண்ணெய்க்குள் போட்டுச் சூடாக்கினார். எடுத்து ஆற வைத்தார். தட்டில் இறக்கினார். எட்டு நட்டு.

இரண்டாவது துண்டை, இரும்புச் சட்டத்தில் சுற்றிய ஒரு பெரிய காயிலின் இடைவெளியில் வைத்தார். ஷார்ட் ஆகும்போது நடப்பது போலவே, காந்தத்தின் திசைக்கு நேர் எதிராக ஒரு நொடி கரண்ட் விட்டார். எடுத்து இறக்கினார். எட்டு நட்டு.

மூன்றாவது துண்டை எண்ணெயில் சூடாக்கி, சூடு ஆறுவதற்குள் காயிலில் வைத்தார். அதே கரண்ட். அதே ஒரு நொடி.

"ஆறட்டும்," என்றார்.

இருவரும் காத்திருந்தார்கள். வெளியே ஒரு லாரி பின்னால் வந்து திரும்பிப் போனது.

கனகசபையே எடுத்துத் தட்டில் இறக்கினார். மூன்று நட்டு தூக்கியது. அதிலும் ஒன்று கீழே விழுந்தது.

அவர் மறுபடி இறக்கினார். மறுபடியும். அது மாறவில்லை.

"மேடு ஏறினதுல காந்தம் நல்லாச் சூடா இருந்திருக்குது," என்றார் மெதுவாக. "எறங்கும்போது ஷார்ட்."

"ம்."

"ஒவ்வொண்ணா வந்திருந்தா தாங்கியிருக்கும்."

நிறைமதி தலையசைத்தார்.

கனகசபை அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பார்வைக்கு மற்ற இரண்டைப் போலவேதான் இருந்தது.

"அன்னிக்கு அந்தப் பொண்ணு பஸ்ஸுக்கு அவசரப்பட்டுச்சுங்க. அது மட்டும்னா நான் அளந்திருப்பேன். உங்க போன் மட்டும் வந்திருந்தாலும் உண்மையைச் சொல்லியிருப்பேன். அந்தப் பொண்ணு முன்னால நிக்கறப்போ நீங்க கேட்டீங்க. ஐம்பத்தாறு வயசுல, பாக்கலைன்னு சொல்ல வாய் வரலை."

நிறைமதி நட்டுகளைத் தட்டிலிருந்து டப்பாவில் அள்ளிப் போட்டார். 

"இனி இந்தக் காந்தம் தானா சரியாகாதுங்களா? வெச்சிருந்தா?"

"வெச்சிருந்தா ஆகாது."

"வேற வழி?"

"கோயம்புத்தூர்ல காந்தம் ஏத்தற எடம் ஒண்ணு இருக்குது. நீங்களே கொண்டு போங்க."

கனகசபை ரோட்டாரை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனார். அங்கே ஒருவர் அதை ஒரு கனத்த இரும்பு வளையத்துக்குள் இறக்கினார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு பெரிய பெட்டி ரீங்காரமிட்டுக்கொண்டே கரண்டைச் சேர்த்தது. பிறகு தரை அதிர டம்மென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

அவர் பட்டறைக்குத் திரும்பி ரோட்டாரை மோட்டாரில் பூட்டினார், லேத்தில் மாட்டினார். அரை மணி நேரம் அல்ல, முழு மதியமும் அதோடு இருந்தார். ஆயிரம் சுற்றில் அளந்தார். சூடாக்கி அளந்தார். ஆற வைத்து அளந்தார். மூன்று முறை அப்படிச் செய்தார். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினார்.

"பதினொண்ணு புள்ளி ஒம்பதுங்க டீச்சர்," என்றார் நிறைமதியிடம். "மூணு தடவையும் ஆறின பெறகு அதுதான். பன்னெண்டு வரலை."

"அது போதும்," என்றார் நிறைமதி.

மோட்டாரின் மேல் ஒரு சூடு காட்டும் சென்சாரும் வைத்தார்கள். அளவு மீறினால் ஓட்டுபவர் முன்னால் சிவப்பு விளக்கு எரியும். கோத்தகிரியில் வண்டியின் பிரேக்கும் புதிதாக மாற்றப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் மோட்டாரை எடுத்துக்கொண்டு கோத்தகிரி போனார்கள். அங்கிருந்தவர்கள் வண்டியை நிமிர்த்தி, வளைந்த தகடுகளைத் தட்டி வைத்திருந்தார்கள். கனகசபை மோட்டாரைப் பூட்டினார். ஜெசிந்தா கையைக் கழுத்துத் துண்டில் தொங்கவிட்டபடி வந்து தள்ளி நின்றார். கனகசபையிடம் அவர் பேசவில்லை. ஆனால் வந்திருந்தார். லைன் வீட்டுப் பெண்கள் சிலரும் அவரோடு நின்றார்கள். நெற்றியில் தையல் போட்டவரும் அவர்களில் இருந்தார்.

கனகசபை பின் இருக்கையில் நான்கு மணல் மூட்டைகளை ஏற்றினார். நான்கு ஆட்களின் பாரம். பட்டறைக்கு வரும் வண்டிகளை வழக்கமாக ஓட்டிப் பார்ப்பவர் அவர்தான். முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஏற்றத்தைப் பார்த்தார். சாலை காய்ந்திருந்தது. மண்மேட்டில் வண்டி விழுந்த இடத்தில் புல் இன்னும் நிமிரவில்லை.

அவர் சாவியைத் திருப்பவில்லை. கீழே இறங்கி நிறைமதியிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

"ஒண்ணு கேக்கோணுங்க டீச்சர்."

"கேளுங்ணா."

"இனிமே நான் பாத்துட்டேன்னு சொன்னா, நீங்க நம்புவீங்களா?"

நிறைமதி அவரைப் பார்த்தார். பிறகு ஆட்டோவின் பின்பக்கம் போனார். ஒரு மணல் மூட்டையை இரண்டு கையாலும் இழுத்துச் சாலையோரம் இறக்கி வைத்தார். இருக்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, மூட்டை இருந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

"வண்டிய எடுங்ணா," என்றார்.